பாணர் காட்டிய வழி



திரை விழுந்ததும் நாடகம் மறைந்துவிடுகிறது. மறைந்த காட்சியைத் தாளிலே நிறுத்தி வைக்க இயலுமா? 1916ஆம் ஆண்டில், அந்நாளைய கல்கத்தாவில், அவனீந்திரநாத தாகூர் இம்முயற்சியில் ஈடுபட்டார். அந்த நீர்வண்ண ஓவியத்தைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

அவ்வாண்டு ஜனவரித் திங்களில் ஜோராசாங்கோ இல்லத்தில் ‘பால்குனி’ நாடகம் நடைபெற்றது. பாங்குரா மாவட்டம் அப்போது பஞ்சத்தில் வாடியது. அம்மக்களுக்குப் பொருள் திரட்டவே இந்நாடகம் நடிக்கப்பெற்றது. நூலாசிரியரான ரவீந்திரநாதர், தமது 54ஆம் வயதில், பார்வையற்ற பாவுல் பாடகராகத் தாமே வேடம் தாங்கினார். அவனீந்திரரோ அவருடைய ஒன்றுவிட்ட சகோதரரின் மைந்தர். அதே மேடையில் நடித்தவர்.

நாடகக் கதை எளியது. காதோரம் நரை கண்டு மன்னன் அஞ்சுகிறான். அவனுக்காகப் புலவர் ஒரு நாடகம் நிகழ்த்துகிறார். அதில் இளைஞர் கூட்டமொன்று, குகையில் வாழும் ‘கிழவனை’ப் பிடித்துவரப் புறப்படுகிறது. வழியறியாது திகைக்கும் அவர்களை நடத்திச் செல்பவர் அந்தப் பார்வையற்ற பாடகரே. பாடினால்தான் அவருக்குப் பாதை புலனாகும். பாட்டே அவருக்குக் கண். முடிவில் குகையிலிருந்து வெளிப்படுவது முதுமையன்று, என்றும் புதிய இளமையே. ஆற்றுப்படை நூல்களிலே பாணர் வழிகாட்டக் கண்டு பழகிய நமக்கு, இப்பாடகர் அயலார் அல்லர்.

ஓவியருக்கு இங்கேதான் இடர்ப்பாடு. பாட்டைக் கண்ணாகக் கொண்டவரைக் குரலற்ற வண்ணத்தால் எவ்வாறு காட்டுவது? நீண்ட அங்கியும் ஒற்றைத் தந்திக் கருவியும் வேடத்தை உணர்த்தும், பாட்டை உணர்த்தா. 1903இல் கல்கத்தாவுக்கு வந்திருந்த யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்ஸோ என்னும் ஜப்பானிய ஓவியர்களின் முறைகளைக் கண்டு, அவனீந்திரர் தமக்கென ஒரு முறை வகுத்துக்கொண்டிருந்தார். வண்ணம் தீட்டிய தாளை நீரில் நனைத்து, உலர்த்தி, மீண்டும் தீட்டுவார். மிகுந்த வண்ணம் கழுவுண்டு போகும். எஞ்சியது தாளின் உட்சென்று படியும். கோடுகள் கரைந்து, பனிமூட்டம் போன்ற மென்மை பரவும். இத்தகைய ஓவியத்தின்முன் நம் கண்ணும் விரைந்து செல்ல இயலாது. அப்பாடகரைப் போல் நாமும் தடவித் தடவியே வழி காண வேண்டும். பாட்டுக்கு ஓவியர் தந்த மாற்று இதுவே எனலாம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மூலத்தின் ஓசை பெயர்ந்து வாராது. வாராததற்கு வருந்தி நிற்பதா, பெற்ற கருவியைக் கொண்டு அதற்கு ஈடானதைத் தேடுவதா? அவனீந்திரர் தேடினார்.

நீர்வண்ணத்துக்கு ஒளியே பகை. நாள்தோறும் வெளிச்சத்தில் வைத்தால் அது மங்கிவிடும். அந்த ஓவியத்துக்கும் முதுமை உண்டு. ஆயினும், நாற்பதைக் கடந்து, கண்ணாடியில் நரையை எண்ணத் தொடங்கிய நமக்கு, பசித்தவர் பொருட்டு 54 வயதில் மேடையேறிப் பாடி ஆடிய கவிஞரை அது நினைவூட்டுகிறது. நரைக்கு அஞ்சிய மன்னன் நாடிய விடை நாடகத்தில் மட்டுமன்று, அன்று அதை நடித்தவரிடத்திலும் இருந்தது.