கடைக் கணக்கும் மனக் கணக்கும்

(அரிமளத்தில் இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

அரிமளம் கடைத்தெருவில் கல்லாவை எண்ணாமல் கதவடைக்கும் வியாபாரி உண்டா? பத்து ரூபாய் குறைந்தாலும் சிட்டையை மறுபடி புரட்டுகிறோம். வாழ்நாளில் ஒரு நாள் குறைந்து போனதே, அதை எந்தச் சிட்டையில் எழுதினோம்? நாளை மறுமைக்கு எதை அனுப்பி வைத்தோம் என்று ஒவ்வொருவரும் பார்க்கும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான் (59:18).

இந்தக் கணக்கை எழுதிப் பார்த்த ஒரு பெரியார் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). தூஸ் நகரில் 1058இல் பிறந்தவர். 1091இல் பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் பேராசிரியரானார். 300 மாணவர்கள் அவரிடம் பாடம் கேட்டார்கள். பேரும் புகழும் பெருகின. அந்த நேரத்தில்தான், "நான் யாருக்காகக் கற்பிக்கிறேன்?" என்ற கேள்வி அவரைக் குடைந்தது. அல்லாஹ்வுக்காக அல்ல, பதவிக்கும் புகழுக்கும்தான் என்று மனம் சாட்சி சொன்னது. ஆறு மாதங்கள் தவித்தார். பாடம் சொல்ல நாவே எழவில்லை. 1095இல், குடும்பத்தின் தேவைக்கு வைத்துவிட்டு, மீதிச் செல்வத்தைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்.

அவர் அப்படியே ஒதுங்கி விடவில்லை. 1106இல் நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்த வந்தார். வேலை பழைய வேலைதான். நிய்யத்துதான் மாறியிருந்தது. எனவே தோழர்களே, கடையை மூடுங்கள், ஊரை விட்டுப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. அதே கடையில் உட்காருங்கள், நிய்யத்தைச் சரி பாருங்கள் என்கிறேன்.

எப்படிப் பார்ப்பது? தமது இஹ்யா நூலில் இமாமவர்கள் வணிகரையே உதாரணம் காட்டுகிறார்கள். நஃப்ஸு நம் வியாபாரக் கூட்டாளி. காலையில் அதனிடம் நிபந்தனை பேச வேண்டும். பகலில் கண்காணிக்க வேண்டும். இரவில் கணக்குக் கேட்க வேண்டும். ஃபர்ளுகள் முதல், நஃபில்கள் லாபம், பாவங்கள் நஷ்டம். நஷ்டம் வந்தால் கூட்டாளியைச் சும்மா விடக்கூடாது. தண்டித்து, ஈடு வாங்கி, கடிந்துகொள்ள வேண்டும்.

வணிகர்களே! இன்றிரவு பேரேட்டில் நான்கு வரிகள் எழுதிப் பாருங்கள். கடைப் பையனின் சம்பளம் அவன் வியர்வை உலருமுன் போய்ச் சேர்ந்ததா? தராசு இரு பக்கமும் நேராக நின்றதா? வாப்பாவின் சொத்தில் சகோதரியின் பங்கு சகோதரியிடம் இருக்கிறதா, நம் பெயரில் இருக்கிறதா? மகனுக்குப் பெண் பார்த்தபோது மஹர் கொடுக்கப் பேசினோமா, கைக்கூலி வாங்கப் பேசினோமா?

இளைஞர்களே! மேடையேறிச் சமுதாய உரிமை கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். அரசிடம் நம் பங்கைக் கேட்கும் வாய், வீட்டுப் பெண்ணின் பங்கை விழுங்கியிருந்தால் அந்தக் குரலுக்கு வலு ஏது? கொடி பிடிப்பது அல்லாஹ்வுக்காகவா, சுவரொட்டியில் பெயர் வரவா? கஸ்ஸாலி இமாமைக் குடைந்த கேள்வி நம்மையும் குடையட்டும்.

இஷாவுக்குப் பின் கால் மணி நேரம் போதும். யாருக்கும் காட்ட வேண்டாத கணக்கு இது. பாக்கி தெரிந்தால் மறுநாள் காலையே கொடுத்துத் தீருங்கள். மவ்த்து தவணை கொடுப்பதில்லை. நம் கணக்கை இலேசாக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.