24 காரட் கடை



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக்கு முதல் எப்படி வந்தது என்று, பேச அழைப்பு வந்த அன்றே கேட்டேன். ஜவுளி வணிகம் செய்த பெரியவர் ஒருவர், தம்முடைய இரண்டு கடைகளில் ஒன்றின் வாடகையை ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்துக் கொடுத்தது என்றார்கள். நம் இலக்கியங்களில் வரும் நாளங்காடி எனும் பகல் சந்தை, அல்லங்காடி எனும் இரவுச் சந்தை பற்றிப் பேசத்தான் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். கடை வாடகை என்ற சொல் காதில் விழுந்ததும் வேறோர் அங்காடி நினைவில் வந்து நின்றுகொண்டது. சிரியாவின் அலெப்போ நகரச் சந்தை அது. 2009-இல் அங்கே நான்கு நாள் நடந்தேன். அந்த ஊர்க்காரர்கள் நகரை ஹலப் என்கிறார்கள். சந்தையை மதீனா, அதாவது நகரம் என்றே சொல்கிறார்கள்.

அன்று மேற்கே அந்தாக்கியா வாசலில் நுழைந்தால் கிழக்கே கோட்டை வரை ஏறக்குறைய நேர்கோடாக ஒரு தெரு. அதன் இருபுறமும் கிளை பிரியும் சந்துகளையெல்லாம் சேர்த்தால் 13 கிலோமீட்டர் என்பார்கள். தலைக்கு மேல் கல்லால் வளைத்துக் கட்டிய கூரை. அதில் விட்டுவிட்டு வெளிச்சத் துளைகள். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே கிணற்றடிக் குளிர்ச்சி. வாசனைப் பொருளுக்கு ஒரு தெரு, கயிற்றுக்கு ஒரு தெரு, தங்கத்துக்கு ஒரு தெரு. கடை என்பது பெரும்பாலும் ஆளுயர மாடம்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே கடைக்காரர் எல்லாச் சரக்கையும் எட்டி எடுத்துவிடுவார்.

பழங்காலத்தில் இது தூண் வரிசைகளோடு கூடிய அகன்ற பெருவீதியாக இருந்தது, கடைகள் நூற்றாண்டுக் கணக்கில் வீதிக்குள் நகர்ந்து நகர்ந்து அதை இணைச் சந்துகளாகப் பிரித்துவிட்டன என்று பிரெஞ்சு அறிஞர் ழான் சொவாஜே 1941-இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். நடைபாதைக் கடைகளை அன்றாடம் பார்க்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இல்லை.

இரண்டாம் நாள் ஒரு நூல்கடையில் தேநீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். உடன் வந்த மாணவர் மொழிபெயர்த்தார். கடை உங்களுடையதா என்று கேட்டேன். பெரியவர் பத்து விரலையும் இரண்டு முறை விரித்து மடக்கினார், பிறகு நான்கைக் காட்டினார். 24 கீராத். எந்தச் சொத்தையும் 24 பங்காக எண்ணுவது அங்கே வழக்கம். நகைக்கடையில் நாம் சொல்லும் காரட் என்ற சொல்லோடு பிறந்த சொல்தான் கீராத். அந்த ஆளுயரக் கடையில் சில கீராத் அவர் குடும்பத்துக்கு, சில ஒன்றுவிட்ட சகோதரர்களுக்கு, மிச்சம் வக்ஃபுக்கு, அதாவது அறத்துக்கென எழுதிவைத்த சொத்துக்கு. வக்ஃபுக்குப் போகும் வாடகை எங்கே செல்கிறது என்றேன். "பள்ளிவாசலுக்கு" என்று சொல்லிவிட்டு, கூரைப் பக்கம் கையைக் காட்டி, "இதற்கும்" என்றார்.

அந்தக் கையசைப்புக்கு நான் பொருள் தேடிக்கொண்டு கிளம்பினேன். அலெப்போவின் பெரும் கட்டடங்கள் ஒவ்வொன்றும் தனக்குச் சோறு போட ஒரு சந்தையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஆளுநராக இருந்த ஹுஸ்ரெவ் பாஷாவுக்காக, உஸ்மானியப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான் வடிவமைத்த பள்ளிவாசல் வளாகம் 1546-இல் எழுந்தது. தொழுகை இடம், மதரஸா, ஏழைகளுக்குச் சமையற்கூடம் எல்லாம் அதில் இருந்தன. அடுப்பு அணையாதிருக்கக் கடைகளும் கான்களும் எழுதிவைக்கப்பட்டன. கான் என்பது வணிகர் விடுதி. நடுவே முற்றம், கீழே சரக்கறை, மேலே தங்கும் அறை. அந்நகரின் மிகப் பெரிய சுங்கக் கானும் ஒரு பாஷாவின் வக்ஃபாக 1574-இல் கட்டப்பட்டதே.

எல்லாவற்றிலும் என் மனத்தைப் பிடித்துக்கொண்டது அர்கூன் மருத்துவமனை. 1354-இல் நிறுவப்பட்டது. மனநோயாளிகளுக்கான பகுதியில் சிறு முற்றம், அதன் நடுவே நீரூற்று, சுற்றிலும் அறைகள். தண்ணீர் விழும் ஓசையும் வானத்தின் ஒரு துண்டும் நோயாளிக்குக் கிடைக்க வேண்டும் என்று ஒருவர் எண்ணிக் கட்டியிருக்கிறார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அங்கே நோயாளிகள் இருந்தார்கள். எழுதிவைத்த சொத்தின் வருமானத்தில் அந்த நீரூற்று ஓடியது. எங்கோ நடந்த வாங்கலும் விற்றலும் புத்தி பேதலித்த ஒரு மனிதனின் காதில் தண்ணீர்ச் சத்தமாகப் போய் விழுந்திருக்கிறது. சந்தையைப் பற்றி நான் அறிந்தவற்றுள் இதைவிட உயர்ந்த செய்தி இல்லை.

ஐரோப்பியரும் இங்கே வந்தார்கள். சுங்கக் கானின் மாடியில் ஆங்கிலேய வணிகர் குடியிருந்தனர். 1583-இல் டைகர் என்ற கப்பலில் புறப்பட்டு அலெப்போ வழியாகக் கிழக்கே போன ரால்ஃப் ஃபிட்ச், திரும்பும் வழியில் இலங்கையையும் கொச்சியையும் கண்டு, மறுபடி அலெப்போ வழியாகவே 1591-இல் லண்டன் சேர்ந்தார். அடுத்த பத்தாண்டுக்குள் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. அதன் பிறகு நம் கரையில் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

2012 செப்டம்பர் கடைசியில் சிரிய உள்நாட்டுப் போரின் நடுவே சந்தை பற்றி எரிந்தது. மறு ஆண்டு ஏப்ரலில், நகரின் பெரிய பள்ளிவாசலில் 11-ஆம் நூற்றாண்டில் எழுந்த மினாரா சரிந்தது. சினானின் வளாகம் 2014-இல் தகர்க்கப்பட்டது. 2016 டிசம்பரில் சண்டை ஓய்ந்தபோது பழைய நகரின் 60 விழுக்காடு கடுமையாகச் சேதமடைந்திருந்தது, 30 விழுக்காடு முற்றாக அழிந்திருந்தது என்று யுனெஸ்கோ சொன்னது. ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையின் துணையோடு சகாத்திய்யா என்ற தெரு செப்பனிடப்பட்டு மீண்டும் திறந்தது. 2023 பிப்ரவரியில் நிலநடுக்கம் வந்து எஞ்சியதையும் உலுக்கியது.

மீண்டும் கட்டக் கல்லுக்கு அங்கே பஞ்சமில்லை, கல் தச்சரும் இருக்கிறார்கள். 24 கீராத்தைத்தான் ஒன்று சேர்க்க முடியவில்லை. ஒரு கடையின் பங்காளி துருக்கியில், இன்னொருவர் ஜெர்மனியில், மூன்றாமவர் இறந்துவிட்டார், பத்திரம் எரிந்துவிட்டது. பக்கத்துக் கடையோடு சுவரையும் கூரையையும் பகிர்ந்துகொண்ட கடை அது. ஒருவர் கையெழுத்து இல்லாமல் அடுத்தவர் கூரை நிற்காது. மறுசீரமைப்பு என்று பேச வருகிறவர்கள் முகப்பைப் பற்றியும் சுற்றுலாவைப் பற்றியும் பேசுகிறார்கள். பத்திரக் கட்டை முதலில் பிரியுங்கள், யாருக்கு எத்தனை கீராத், எந்த வாடகை எந்த அடுப்புக்கு என்று எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள். அந்தக் கணக்கு அறுந்துவிட்டால் கூரையைப் பழையபடி கட்டினாலும் அதைத் தாங்கிய ஏற்பாடு திரும்பாது.

அலெப்போ சோப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆலிவ் எண்ணெயையும் லாரல் காய் எண்ணெயையும் குளிர்காலத்தில் கொப்பரையில் காய்ச்சித் தரையில் ஊற்றுவார்கள். இறுகியதும் கட்டிகளாக அறுத்து, செய்தவர் முத்திரை குத்தி, காற்றோடக் கோபுரம்போல் அடுக்கி மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். இந்தக் கைத்திறனை யுனெஸ்கோ 2024-இல் தன் பட்டியலில் சேர்த்தது. அன்று விடைபெறும்போது நூல்கடைப் பெரியவர் எதிர்க்கடையிலிருந்து இரண்டு கட்டி வாங்கி என் பையில் போட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். ஒன்றைத் தீர்த்துவிட்டோம். மற்றது இதோ இந்த மேசையில் இருக்கிறது. மேல்புறம் முழுக்கப் பழுப்பேறிவிட்டது, முத்திரை மங்கிவிட்டது. நேற்று இரவு கத்தியால் ஓரத்தைச் சீவிப் பார்த்தேன். உள்ளே இன்னும் பச்சையாக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் மாணவர்கள் வந்து பாருங்கள், முகர்ந்து பாருங்கள்.