பக்கவாதத்துக்குப் பின் வண்டி ஓட்டலாமா?



திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் புகுகின்றது. அச்சாலையை விட்டுச் சற்று விலகி அமைந்த ஊர் தனுவச்சபுரம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆகவே இவ்வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு உறவினர் ஒரு மாநிலத்திலும், அரசு அலுவலகங்கள் மற்றொரு மாநிலத்திலுமாக அமைந்துவிட்டன. மகளைக் கொடுத்த வீடு மார்த்தாண்டத்தில் இருக்கும். மருத்துவரைக் காணத் திருவனந்தபுரம் போக வேண்டும். இத்தகைய ஊரில் வண்டி ஆடம்பரப் பொருள் அன்று. குடும்பத்தின் கால் என்றே அதனைச் சொல்லலாம்.

அந்தக் காலை இயக்கி வந்தவர் ஒருநாள் பக்கவாதத்தால் வீழ்ந்துவிட்டால் என் செய்வது? பேச்சுத் திரும்புகிறது, கை ஓரளவு உயர்கிறது, நடையும் வருகிறது. அதன்பின் அவர் கேட்கும் முதற் கேள்வி, "இனி நான் எப்போது வண்டி ஓட்டலாம்?" என்பதே. வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்க்கும் இது பொதுவான கேள்வியாதலின், இதனை இன்று சற்று ஆராய்வோம்.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதனாலோ வெடிப்பதனாலோ பக்கவாதம் உண்டாகின்றது. பெரும்பாலும் மூளையின் இடப்பகுதி பழுதுற்றால் உடலின் வலப்பக்கமும், வலப்பகுதி பழுதுற்றால் இடப்பக்கமும் தளர்கின்றன. மோட்டார் சைக்கிளில் வேகமும் முன்பிரேக்கும் வலக்கையில், கிளச்சு இடக்கையில். காரில் வேகத்தையும் பிரேக்கையும் ஆள்வது வலக்கால். எந்தப் பக்கம் தளர்ந்தாலும் ஓட்டுவதற்கு இடையூறு உண்டு.

ஆயினும் கைகால் தளர்ச்சி கண்ணுக்குத் தெரியும் குறை; அதனை எவரும் மறுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத குறைகளே அஞ்சத்தக்கவை. சிலருக்குப் பார்வையின் ஒரு பாதி மறைந்துவிடும். வேறு சிலருக்குக் கண் நன்றாயிருந்தும் இடப்பக்கத்து உலகம் கருத்தில் படுவதே இல்லை. இலையின் வலப்புறத்தில் இருப்பதை மட்டும் உண்டு, இடப்புறத்தில் பரிமாறியதைத் தொடாமல் எழுவர். நிலைக்கதவில் இடத்தோள் இடிபடும். நம் நாட்டில் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றோம். பள்ளிக் குழந்தையும் மிதிவண்டிக்காரரும் அந்த இடவோரத்தில்தான் இருக்கின்றனர். இக்குறை உடையவர் அவர்களைக் காணமாட்டார். காணவில்லை என்பதையும் அறியமாட்டார். ஆகையால் "எனக்கு ஒன்றுமில்லை" என்று நோயாளர் சொல்லும் சொல்லை மட்டும் நம்பலாகாது. உடனிருந்து உண்பவரும் உடன் நடப்பவரும் கண்டதை மருத்துவரிடம் எடுத்துரைத்தல் வேண்டும்.

விரைவில் களைத்துப்போதல், இரு செயல்களில் ஒருங்கே கருத்துச் செலுத்த இயலாமை, பலகையில் உள்ள எழுத்தை அறிந்துகொள்வதில் தாமதம் ஆகியவையும் உண்டு. சிலருக்குப் பின்னர் வலிப்பு வருதலும் கூடும். வலிப்பு மருந்துகள் சில உறக்கம் தருவன.

சட்டம் என்ன சொல்கின்றது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் பக்கவாதத்துக்கென இத்தனை மாதம் என்ற கணக்கு இல்லை. ஆனால் உரிமம் வேண்டுவோர் தரும் உறுதிமொழிப் படிவத்தில் வலிப்பு, திடீர் மயக்கம், கைகால்களின் வலுக்குறைவு ஆகியவை பற்றிய வினாக்கள் உள்ளன. நோயினால் ஒருவர் ஓட்டத் தகுதியற்றவர் என்று கருத நியாயமான காரணம் இருப்பின், உரிம அதிகாரி மருத்துவச் சான்று கேட்கலாம். உரிமத்தை நீக்கவும் செய்யலாம். இங்கிலாந்தில் பக்கவாதத்துக்குப் பின் காரோட்டிகள் குறைந்தது ஒரு மாதமும், பேருந்து, லாரி ஓட்டுநர்கள் ஓராண்டும் ஓட்டலாகாது. நாம் எடுத்துக்கொள்ளும் காலமும் இவற்றினும் குறையாதிருத்தல் நன்று.

மீளும் வழி படிப்படியானது. முதலில் நரம்பியல் மருத்துவரின் இசைவு. திருவனந்தபுரத்தில், 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தினால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் நரம்பு நோய்களுக்குப் பெயர்பெற்றது. அடுத்து, எழுத்துப் பலகையைப் படிப்பதோடு நில்லாமல் பக்கப் பார்வையின் பரப்பையும் அளக்கும் கண் சோதனை. பின்னர் வெற்றிடத்தில், தேர்ந்த ஓட்டுநர் ஒருவர் அருகிருக்கப் பயிற்சி. அதன் பின்னரே பகலில், பழகிய வழியில், சிறு தொலைவு. ஒரு கை தளர்ந்தவர்க்குத் தானியங்கிக் கியர் உள்ள காரும், இருசக்கர வண்டியினர்க்கு மூன்று அல்லது நான்கு சக்கரமாக மாற்றிய ஸ்கூட்டரும் உதவும். மாற்றத்தைப் பதிவுச் சான்றில் ஏற்றிக்கொள்ளல் வேண்டும்.

ஓட்டுதலே பிழைப்பாக உள்ளவர் நிலை கடினமானது. அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர்க்கு ஒரு பாதுகாப்பு உண்டு. பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு நிறுவன ஊழியரை நீக்கலாகாது. அதே ஊதியத்தில் வேறு பணி தருதல் வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகின்றது. சொந்த ஆட்டோ ஓட்டுபவர்க்கு இப்பாதுகாப்பு இல்லை. வறுமைக்கு அஞ்சி அவர் நோயை மறைக்க நேர்கின்றது. அவரைக் குறைகூறுவதற்கு முன், வண்டியை வேறொருவர் ஓட்ட, வருவாயில் அவருக்கும் பங்கு கிடைக்குமாறு உறவினரும் நண்பரும் ஏற்பாடு செய்தல் வேண்டும்.

இன்னும் ஒன்று. முகம் கோணுதல், கை தளர்தல், நா குழறுதல் ஆகியவை மீண்டும் தோன்றினால் தாமே வண்டியோட்டி மருத்துவமனைக்குச் செல்லலாகாது. 108-ஐ அழைத்தல் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்துக்குள் தரப்பட வேண்டியது.

பலர் மீண்டும் நன்றாக ஓட்டுகின்றனர். சிலருக்கு அது இயலாது. இயலாதவரிடமிருந்து சாவியை வாங்கும் பிள்ளைகள் அதனோடு தம் கடமை முடிந்ததென்று எண்ணலாகாது. அவர் செல்ல விரும்பும் இடத்துக்கு, அவர் விரும்பும் நேரத்தில், முகங்கோணாது அழைத்துச் செல்லுதல் வேண்டும். சாவியை வாங்குவோர் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு அதுவே.