நோயிலிருந்து மீண்டவரும் அவர்தம் ஊதியமும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சற்று முன் வாசிக்கப்பட்ட வரவு செலவு அறிக்கையில், முஅத்தின் மருத்துவ உதவி என்று ஒரு வரி வந்து போயிற்று. அந்த வரியைக் குறித்தே நாம் பேச விரும்புகிறோம்.

நம் முஅத்தினுக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்தபோது பைத்துல்மாலிலிருந்தும் தனிப்பட்ட முறையிலும் தாங்கள் அள்ளிக் கொடுத்தீர்கள். அல்லாஹ் அதனை ஏற்றுக்கொள்வானாக! ஆனால் நான்காவது வாரம் அவருடைய சம்பளம் நின்றது. பணி செய்யாத நாட்களுக்குச் சம்பளம் எழுத விதியில்லை என்பதே காரணம். ஐந்தாவது வாரம் சுபுஹு பாங்கு அவர் குரலில் ஒலித்தது. குரல் நடுங்கியது. மருத்துவர் அனுமதித்தாரா என்று ஒருவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஹவுளருகே மயங்கி விழுந்தார். மருத்துவமனையில், வேலைக்குப் போகச் சொன்னது யார் என்று மருத்துவர் கேட்டதற்கு, "ஒருவரும் சொல்லவில்லை" என்றார். உண்மைதான். போக வேண்டாம் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. இன்று அவர் நலமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

மத்ரஸாவில் ஹிதாயாவின் இஜாரா பாடத்தை ஓதிய நாட்கள் அப்போது நம் நினைவுக்கு வந்தன. அதில் ஊழியர் இருவகையாகப் பிரிக்கப்படுகின்றனர். தையற்காரரைப் போலப் பலருக்கும் வேலை செய்து, வேலை முடிந்தபின் கூலி பெறுபவர் அஜீர் முஷ்தரக். மாதச் சம்பளத்திற்கு ஒருவரிடமே தம்மை ஒப்படைத்தவர் அஜீர் காஸ். இரண்டாமவர் குறித்த காலத்தில் தம்மை ஒப்படைத்து நின்றாலே கூலிக்கு உரியவர். முதலாளி வேலை கொடுக்காவிட்டாலும் கூலி கடனாகும். நோயால் தம்மை ஒப்படைக்க இயலாத நாட்களின் நிலை வேறு. அது உடன்படிக்கையையும் ஊர் வழக்கையும் பொறுத்தது. நம் பள்ளிவாசலில் எழுதப்பட்ட உடன்படிக்கையே இல்லை! ஆகவே விதியில்லை என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. விதி செய்யாதது நம் அனைவரின் குறை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத் தோல், காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரியும் சகோதரர்களுக்கு விதி இருக்கிறது. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறுவோர் ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் அடங்குவர். 2019 ஜூலை முதல் தொழிலாளியிடம் பிடிக்கப்படுவது ஊதியத்தில் 0.75 விழுக்காடு, முதலாளி செலுத்துவது 3.25 விழுக்காடு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பங்களிப்புச் செலுத்தியிருந்தால், நோய்க்காலத்தில் சராசரி நாளூதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டிற்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். காசநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு, இரண்டாண்டு தொடர் பணியும் அதற்குரிய பங்களிப்பும் உள்ளோர்க்கு 80 விழுக்காடு வீதம் மேலும் நீட்டிக்கப்படுகிறது. இதனை அறியாமல் வட்டிக்குக் கடன் வாங்கிய குடும்பங்களை நாம் அறிவோம்.

சிக்கல் எழுவது நோயின்போது அன்று, திரும்பும் நாளில். காசநோய்ச் சிகிச்சை பெற்ற இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். பணிக்குத் தகுதியானவர் என்று ஈ.எஸ்.ஐ. மருத்துவர் இறுதிச் சான்று கொடுத்துவிட்டார். அந்நாளோடு உதவித்தொகை நின்றது. தொழிற்சாலை வாயிலிலோ, வேறொரு மருத்துவரின் சான்றும் வேண்டும் என்று திருப்பி அனுப்பினர். அங்குமிங்கும் அலைந்ததில் பதினெட்டு நாட்கள் கழிந்தன. அந்நாட்களுக்கு உதவித்தொகையும் இல்லை, சம்பளமும் இல்லை. முறையாக மருந்துண்பவரிடமிருந்து சில வாரங்களிலேயே நோய் தொற்றும் தன்மை பெரிதும் நீங்கிவிடும் என்பதை மருத்துவ உலகம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. அச்சம் கொள்வோரை நாம் பழிக்கவில்லை. மறுபரிசோதனை கேட்பதையும் தவறென்று சொல்லோம். ஆனால் சான்றோடு வாயிலில் வந்து நின்றவர் தம்மை ஒப்படைத்துவிட்டார். தடுத்து நிறுத்தியவரே அந்நாட்களின் கூலிக்குப் பொறுப்பு என்பதே நம் கருத்து. பரிசோதனைச் செலவும் கேட்டவரையே சாரும். இச்சபையில் தொழிலதிபர்களும் அமர்ந்திருக்கிறீர்கள்; நம்மீது வருத்தம் கொள்ளாதீர்கள்.

தொழிலாளச் சகோதரர்களுக்கும் ஒரு சொல். இறுதிச் சான்று கிடைத்த அன்றே எழுத்து மூலம் பணிக்கு ஆஜராகுங்கள். சான்றின் நகலை வைத்துக்கொண்டு, கடிதத்திற்குக் கையொப்பம் பெறுங்கள். ஏற்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உதவித்தொகை பெறும் நாட்களில் வேறிடத்தில் கூலிக்குச் செல்லாதீர்கள். இல்லாத நோய்க்கு விலை கொடுத்துச் சான்று வாங்குவோரால்தான் உண்மை நோயாளியின் சான்றும் வாயிலில் சந்தேகிக்கப்படுகிறது.

கடை வைத்திருப்போருக்கு: 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஊழியருக்கு ஆண்டிற்குப் பன்னிரண்டு நாட்கள் வரை சம்பளத்துடன் நோய் விடுப்பு வழங்குகிறது.

இனி நம் பள்ளிவாசல். இமாம், முஅத்தின், மக்தப் உஸ்தாத்மார்கள், துப்புரவுப் பணியாளர் அனைவருக்கும் எழுத்துவடிவப் பணி உடன்படிக்கை ஒன்றை வரைந்து முத்தவல்லி அவர்களிடம் கொடுத்துள்ளோம். நோய்க்காலத்தில் முதல் மூன்று மாதங்களுக்கு முழுச் சம்பளம். பணிக்குத் திரும்பும் நாளைக் குறிப்பது சிகிச்சையளித்த மருத்துவர். அவர் சில காலம் இலகுவான வேலை போதும் என்றால், பாங்கு மட்டும் சொல்லச் செய்து ஏனைய பணிகளுக்கு மாற்று ஏற்பாடு. நாமும் சம்பளம் பெறுபவர் என்பதால் இதில் நம் நலனும் கலந்திருப்பதை மறைக்கவில்லை. அதனால் நம்மைத் தவிர்த்து, இப்பொதுக்குழுவே இதனை விவாதித்து முடிவெடுக்கட்டும். முஅத்தினுக்கு நிறுத்தப்பட்ட அந்த இரு வாரச் சம்பளத்தைப் பற்றியும் இன்றே முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.