கைக்கேற்ற தேய்ப்பான்

பதுளைக்கு 1924ஆம் ஆண்டிலே புகையிரதம் வந்து சேர்ந்தது. ஊவாத் தோட்டங்களின் தேயிலை, ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் அடைபட்டு அவ்வழியே கொழும்புக்குச் சென்ற காலம் ஒன்றிருந்தது. அப்பெட்டிகளின் இடத்தை இன்று காகிதச் சாக்குகள் பிடித்துக்கொண்டன. ஆயினும் மலைநாட்டு மக்களுக்கு மரத்தோடுள்ள உறவு அற்றுவிடவில்லை. தேயிலைக்கு நிழல் தர நடப்பட்ட கிரவில்லியா, காற்றைத் தடுக்க நின்ற யூக்கலிப்டஸ், வீட்டோரத்துப் பலா ஆகியவற்றின் பலகை ஒன்று கிடைத்துவிட்டால், ஓய்வு நேரத்தில் ஒரு மணையோ புத்தகத் தட்டோ செய்து பார்க்க விரும்புவோர் பசறையிலும் உளர், அப்புத்தளையிலும் உளர்.

அறுப்பதும் இழைப்பதும் விரைவில் பலன் காட்டும் வேலைகள். தேய்ப்பதோ பொறுமையைச் சோதிக்கும் வேலை. அரத்தாளைக் கட்டையிற் சுற்றி மணிக்கணக்காய்த் தேய்த்த கைகளுக்கு ஓய்வளிக்க வந்ததே 'ரண்டம் ஓர்பிட்டல் சாண்டர்' எனப்படும் மின்சாரத் தேய்ப்பான். இதன் வட்டத்தட்டு தானும் சுழல்கிறது. சுழலும்போதே மையம் விலகிச் சிறு வளையங்களாகவும் அசைகிறது. இவ்விரு இயக்கங்களும் சேர்வதால் அரத்தாளின் மணிகள் ஒரே தடத்தில் மீண்டும் மீண்டும் செல்வதில்லை. ஆகவே மரத்தில் கீறல் ஆழப் பதிவதில்லை.

இதனை வாங்கச் செல்பவருக்கு முதலில் எழும் வினா அளவு பற்றியது. தட்டின் விட்டம் 5 அங்குலமா, 6 அங்குலமா? ஓரங்குலந்தானே வேறுபாடு என்று எண்ணிவிடலாகாது. பரப்பைக் கணக்கிட்டால் முன்னது ஏறக்குறைய 20 சதுர அங்குலம்; பின்னது 28. பெரிய மேசையையும் கதவையும் பின்னது விரைவில் முடித்துவிடும். ஆனால் அதன் எடையும் விலையும் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரேயொரு பொறி வாங்கும் குடும்பத்திற்கு இது சிறிய செய்தியன்று.

இரண்டங்குல அகலமுள்ள சட்டத்தின்மீது ஆறங்குலத் தட்டை வைத்தால், அதன் பெரும்பகுதி வெளியே தொங்கும். கை சற்றே சாய்ந்தாலும் கூரான விளிம்பு மழுங்கிவிடும். ஐந்தங்குலத் தட்டிலும் இவ்விடர் உண்டு, ஆயினும் குறைவு. ஒரு கையால் பிடித்து நடத்தவும் அதுவே எளிது. மணை, தட்டு, சிறு பெட்டி, படச்சட்டம் ஆகியன செய்பவருக்கு ஐந்தங்குலமே போதும். கதவும் கட்டிலும் அடிக்கடி செய்பவர் ஆறங்குலத்தை நாடலாம். விரலுக்குத் தக்க வீக்கம் என்பது கருவிக்கும் பொருந்தும். எவ்வட்டத்தட்டும் பெட்டியின் உள்மூலைக்குள் நுழையாது. அங்கே பழைய அரத்தாளும் கையுமே துணை.

தட்டின் விட்டத்தோடு அசைவின் அளவையும் பார்த்தல் வேண்டும். 5 மில்லிமீற்றர் அசைவு மரத்தை விரைந்து அகற்றும், 2.5 மில்லிமீற்றர் அசைவு மென்மையாக முடிக்கும். அல்பிசியா போன்ற மெதுவான மரத்தில் விரைவு நன்மையன்று. ஓரிடத்தில் நின்றால் பள்ளமே விழும். பழைய தேயிலைப் பெட்டியின் பலகையிலோ மேற்படலம் மிக மெல்லியது. அங்கு 80ஆம் இலக்க அரத்தாளைத் தொடவே கூடாது. 180இல் தொடங்குவதே தகும். மற்றைய பலகைகளுக்கு 80, 120, 180 எனப் படிப்படியாய் ஏறுதல் முறை. பொறியை அழுத்துதலும் ஆகாது. அழுத்தினால் தட்டின் சுழற்சி தளர்ந்து, சுருள் சுருளான கீறல்கள் தங்கிவிடும்.

பொறியை வாங்குமுன் பதுளைக் கடைவீதியில் எவ்வளவு அகலமான வட்ட அரத்தாள், எத்தனை துளைகளோடு கிடைக்கிறதென விசாரித்தல் நன்று. தாள் கிடைக்காத பொறி, எண்ணெய் இல்லாத விளக்குப் போன்றது. அந்தத் துளைகள் அழகுக்கு உள்ளவை அல்ல. தூசியை உறிஞ்சி வெளியேற்றுவதற்கு உள்ளவை. தட்டின் துளைகளும் தாளின் துளைகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருத்தல் வேண்டும்.

அந்தத் தூசியிலேதான் பெரிய கேடு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995இல் வெளியிட்ட நூலில், மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என வகைப்படுத்தியது. கிரவில்லியாவின் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். பொறியோடு வரும் சிறு பை தூசி முழுவதையும் பிடிப்பதில்லை. மூக்கிற்கும் வாய்க்கும் பொருந்திய தூசிக் கவசம் இல்லாமல் வேலையைத் தொடங்குதல் தவறு.

லயத்துக் காம்பிராவின் நிலையை எண்ணிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அடுப்பும் படுக்கையும் அருகருகே அமைந்த அறையில், குழந்தை உறங்கும் இடத்தில், இப்பொறியை இயக்கலாகாது. இஸ்தோப்பும் அடுத்த வீட்டுக்கு ஒட்டியதே. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அங்கு எழும் தூசி அயலாரின் சோற்றுப் பானைக்கும் கொடியில் உலரும் துணிக்கும் போய்ச் சேரும். முற்றத்தின் ஒதுக்கிடத்தில், காற்று வீடுகளை விட்டு அப்பாற் செல்லும் பக்கத்தில், அயலார் ஓய்வு கொள்ளாத வேளையில் செய்வதே முறை. அங்கே தூக்கிச் சென்று, ஒரு கையால் நடத்தி, மீண்டும் எளிதில் எடுத்து வைக்கக்கூடிய பொறியே இவ்விடத்துக்கு ஏற்றது. இக்காரணமும் ஐந்தங்குலத்தின் பக்கமே நிற்கிறது.

நல்ல தேய்ப்பு முடிந்த கிரவில்லியாப் பலகையைச் சாய்ந்த வெயிலில் வைத்துப் பார்த்தால், அதனுள் வெள்ளிச் சரிகை போன்ற கோலங்கள் மின்னும். பல ஆண்டுகள் தேயிலைக்கு நிழல் தந்த மரம் தன் அழகை அப்போதுதான் காட்டுகிறது. அதனை வெளிக்கொணரப் பெரிய பொறி வேண்டுவதில்லை. செய்யும் பொருளையும், செய்யும் இடத்தையும், சுவாசிக்கும் நெஞ்சையும் எண்ணித் தேர்ந்த பொறி ஒன்றிருந்தால் அதுவே அமையும்.