சபையைக் கேளாத சேனை



ஒரு தேசத்தின் சேனை கடல் கடந்து அந்நிய மண்ணில் காலெடுத்து வைக்குமுன், அத்தேசத்து ஜனங்கள் தேர்ந்தனுப்பிய சபையின் சம்மதத்தைப் பெற்றேயாக வேண்டும் என்று சட்டம் இயற்றக் கோருவதற்காகவே இந்த மேடையில் நிற்கிறேன். இது வாஷிங்டனுக்கும் டில்லிக்கும் உரிய விவகாரம், ஈப்போவில் நமக்கென்ன என்று எண்ணுவோர் இருக்கலாம். ஆனால் 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுடப்பட்டதும், சில நாட்களுக்குள் நாடெங்கும் அவசரகாலம் பிரகடனமானதும், அது 1960 ஜூலை 31 வரை நீடித்ததும் உங்கள் குடும்பங்களின் சரித்திரமல்லவா? லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. பால்மரம் வெட்டப் புறப்பட்ட தாயின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்து, காட்டிலிருந்த கெரில்லாக்களுக்குப் போய்விடும் என்று மதியச் சோற்றையும் வேலிக்கு வெளியே விடாமல் பிடுங்கி வைத்தார்கள். அந்த யுத்தம் தொடங்கியபோது கேள்வி கேட்க, நாம் வாக்களித்து அமைத்த சபை இல்லை. இன்று இருக்கிறது, இருந்தும் படையை அனுப்பும்போது அரசு அதைக் கேட்பதில்லை.

கேளாமற் போனால் என்ன விளையும் என்பதற்குத் தமிழர் நெஞ்சில் இன்னும் ஆறாத ஓர் உதாரணம் உண்டு. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். உடனேயே இந்திய அமைதிப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கிற்று. இலங்கையின் 1978-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் யுத்தத்தையும் சமாதானத்தையும் பிரகடனம் செய்யும் அதிகாரத்தை ஜனாதிபதி ஒருவர் கையிலேயே கொடுத்திருந்தது. இந்திய அரசியல் சட்டமோ, முப்படைகளின் தலைமையைக் குடியரசுத் தலைவருக்கு அளித்து, அது சட்டத்தால் நெறிப்படுத்தப்படும் என்று சொன்னதேயன்றி, சேனையை வெளிநாடு அனுப்பப் பாராளுமன்றத்தின் முன் அனுமதி வேண்டும் என்று விதிக்கவில்லை. இரண்டு கையொப்பங்கள் போதுமாயின. ஒப்பந்தப்படி ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டிய விடுதலைப் புலிகள் அதில் கையொப்பமிட்டவர்கள் அல்லர். அவர்கள் மறுத்தால் காக்க வந்த படை யாரோடு பொருதும், எத்தனை காலம் தங்கும், எப்போது திரும்பும் என்ற கேள்விகளுக்குச் சபையில் விடை சொல்லாமலே படை போயிற்று. அக்டோபரில் அதே படை புலிகளோடு யுத்தம் தொடங்கியது. அம்மாதம் 21-ஆம் நாள், நாம் இங்கே எண்ணெய் தேய்த்து நீராடிப் புத்தாடை உடுத்திய அந்தத் தீபாவளித் திருநாளில், யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்த சிப்பாய்களின் துப்பாக்கிக்கு டாக்டர்களும் தாதியரும் நோயாளிகளுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் இரையாயினர். யாழ்ப்பாணத்து வம்சாவளியினர் பலர் வாழும் இந்த ஈப்போவில் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1990 மார்ச்சில் படை திரும்பி முடிந்தபோது இந்தியத் தரப்பில் மாண்டோர் ஏறத்தாழ 1,200 பேர். சென்னையில் வந்திறங்கிய அந்தப் படையை வரவேற்கத் தமிழக முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை.

ராஜீவ் காந்திக்கு லோக்சபையில் நானூறு பேர் இருந்தார்களே, கேட்டிருந்தாலும் கை தூக்கியிருப்பார்களே என்பர். நியாயமான ஆட்சேபணை. 1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாச் சம்பவத்தைக் காட்டி அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் போர் அதிகாரம் கோரியபோது, செனட்டில் எதிர்த்தவர் இருவர், பிரதிநிதிகள் சபையில் ஒருவருமில்லை; வியட்நாமின் பேரழிவு அந்தத் தீர்மானத்தின் பலத்தில் வளர்ந்தது. அந்த அனுபவம் தந்த பாடத்தால்தான், ஜனாதிபதி நிக்ஸனின் மறுப்பையும் மீறி, 1973-இல் சட்டம் வந்தது: படையைப் போரில் இறக்கினால் 48 மணி நேரத்தில் சபைக்குத் தெரிவிக்க வேண்டும், சபை இசையாவிட்டால் 60 நாட்களில் போரை நிறுத்த வேண்டும். அதையும் ஜனாதிபதிகள் ஏய்த்தனர். 2011-இல் லிபியாவில் குண்டு போட்டுக்கொண்டே, இது அச்சட்டம் சொல்லும் போரன்று என்று ஒபாமா அரசு வாதாடிற்று. ஆனால் சட்டம் இருந்ததனால்தான் வாதாட வேண்டியதாயிற்று. சட்டமே இல்லாத இடத்தில் வாதத்துக்கும் அவசியமில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் மலேசிய வீரர்களை நான் குறை சொல்லவில்லை. 1993-இல் சோமாலியாவின் மொகதிசுவில் சிக்கிய அமெரிக்கரை மீட்கக் கவச வண்டிகளை ஓட்டிச் சென்றவர்கள் அவர்கள். 2015-இல் யேமனில் போர் மூண்டபோது, அங்கிருந்த மலேசியரை மீட்கும் காரணம் சொல்லி நம் படையினர் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டனர். மீட்புப் பணி முடிந்த பிறகும் அங்கே தங்கினர். 2018-இல் ஆட்சி மாறியதும் பாதுகாப்பு அமைச்சர் முகமட் சாபு அவர்களைத் திரும்ப அழைத்தார். அனுப்பியதும் அமைச்சரவை, அழைத்ததும் அமைச்சரவை. இரண்டுக்கும் மக்களவையின் வாக்கு வேண்டும் என்று நம் சட்டம் கேட்கவில்லை. நல்ல அமைச்சர் வரும்வரை காத்திருப்பது ஜனநாயகமாகுமா?

ஆகவே, படை புறப்படுமுன் நோக்கம், இடம், காலவரை மூன்றையும் எழுத்தில் வைத்து மக்களவையின் வாக்கைப் பெற வேண்டும். உயிர் காக்கும் அவசர மீட்புக்கு மட்டும் விலக்கு, அதற்கும் உடனே சபையில் கணக்கு. காலவரை முடிந்தால் புதிய வாக்கின்றி ஒரு நாளும் தங்கலாகாது. பேராக்கிலிருந்து 24 பேர் மக்களவையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் எவர் ஈப்போவின் இந்தப் புந்தோங்குக்கு வந்து உங்களிடம் வாக்குக் கேட்டாலும், இப்படியொரு மசோதாவுக்குக் கை தூக்குவீர்களா மாட்டீர்களா என்று முதலில் கேளுங்கள்.