எம்மொழியில் கேட்கிறீர்?

(காஞ்சிபுரத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தறியை விட்டெழுந்து நேரே இங்கு வந்திருக்கும் நெசவுத் தோழர்களே!

நடுவண் அரசு தன் வரைவுகளை இணையத்தில் வெளியிட்டு, மக்களின் கருத்தைக் கேட்கின்றது. குறைந்தது முப்பது நாள் அவற்றை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டுமென 2014-இல் அவ்வரசே நெறி வகுத்தது. நல்ல நெறிதான். ஆனால், எம்மொழியில் கேட்கின்றார்கள்?

2020-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். ஆலையோ சுரங்கமோ அமைக்குமுன் அவ்வூர் மக்களை எந்த அளவுக்குக் கேட்பது என்பதையே மாற்றியமைக்க வந்தது, சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு. பெருந்தொற்றால் நாடே அடைபட்டுக் கிடந்த வேளையில், அதனை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டு, 'மறுப்பிருந்தால் எழுதுக' என்றார்கள். படிக்கவே இயலாத ஒன்றை எவ்வாறு மறுப்பது?

தில்லி உயர் அறமன்றம் 30-6-2020 அன்று, எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் அதனை மொழிபெயர்க்க ஆணையிட்டது. கருத்துரைக்கும் காலத்தையும் ஆகத்து 11 வரை நீட்டியது. நடுவண் அரசு பணிந்ததா? இல்லை! ஆங்கிலமும் இந்தியுமே போதுமென வாதிட உச்ச அறமன்றத்தின் படியேறியது. அங்கும் அதற்கு வெற்றி கிட்டவில்லை.

நம் மாவட்டத்து உத்தரமேரூருக்குச் சென்று பாருங்கள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டுத் தேர்ந்த முறையை, முதற் பராந்தகன் காலத்தில் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆயினும், மறையோதிய நிலக்கிழார்க்கே அக்குடத்தில் இடம். உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் இல்லை. அன்று மறை அறியாதவன் வெளியே நின்றான். இன்று ஆங்கிலமும் இந்தியும் அறியாதவன் வெளியே நிற்கின்றான். ஆயிரம் ஆண்டு கழிந்தும் குடம் மாறவில்லையே, தோழர்களே!

மொழி மட்டும் போதுமா? பரந்தூர் வானூர்தி நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் ஊரவை நல்ல தமிழில்தான் பன்முறை முடிவெடுத்தது. கேட்பது வேறு, செவிசாய்ப்பது வேறு.

எனவே நாம் வேண்டுவன மூன்று. வரைவு, முதல் நாளிலேயே தமிழிலும் வர வேண்டும். இணையம் எட்டாதவர் ஊரவையில் வாயால் சொல்வதும் எழுத்திற் பதிவாக வேண்டும். ஏற்காத கருத்துக்கு, ஏன் ஏற்கவில்லை என்று அரசு தமிழில் விடை தர வேண்டும்.

பாவு மட்டும் நீண்டு கிடந்தால் சேலையாகுமா? ஊடை குறுக்கே ஓட வேண்டும். அரசின் திட்டம் பாவு. மக்களின் சொல்லே ஊடை. அடுத்த வரைவு வரும்போது தமிழிலேயே எழுதுங்கள்; விடையையும் தமிழிலேயே கேளுங்கள்!

வெல்க தமிழ்!